மக்கன் பேடா முதல்முறை சாப்பிடும் குழந்தைக்கு: உள்ளே இருப்பதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களிடம் யாராவது ஒருவர், "ஆற்காடு மக்கன் பேடா சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து இனிப்புக் கடைகளில் பாகில் ஊறிக் கிடக்கும். நல்ல பண்டம், எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் பார்வைக்கு அதற்கும் குலாப் ஜாமூனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே சிவக்கப் பொரிந்த தோல். அடுத்து, கோவாவும் மைதாவும் சேர்ந்து பாகேறிய சதை. நட்டநடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா, சில கடைகளில் சாரைப்பருப்பும் உலர்திராட்சையும் என்று பொடியாக நறுக்கிய பூரணம். பேடா வாயில் வைத்ததும் கரைந்துவிடுவதால், பருப்பு தட்டுப்படும்போது பாதி உள்ளே போயிருக்கும்.

குழந்தை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தப் பூரணம்தான் கவலை. முந்திரி அலர்ஜி உள்ள ஒரு சிறுவனை உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்போடு ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். விடுதியில் பக்கத்து அறைக்காரர் பாசமாகக் கொடுத்த பேடா. ஜாமூன் என்று நினைத்துத்தான் அம்மா ஊட்டியிருக்கிறார். செட்டிரிசின் சிரப் கொடுத்துவிட்டு, தடிப்பு அடங்கட்டும் என்று அறையிலேயே காத்திருந்தார்கள். எங்களிடம் வரும்போது மூச்சு இளைக்க ஆரம்பித்திருந்தது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் தேறினான். முந்திரியை வீட்டுக்குள்ளேயே விடாத, அவ்வளவு கவனமான பெற்றோர் அவர்கள்.

செட்டிரிசின், அவில் போன்றவை அரிப்பைக் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. அதற்கு அட்ரினலின்தான் மருந்து. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போடு குரல் கம்மல், இளைப்பு, அடுத்தடுத்து வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். குழந்தையை நடக்கவிட வேண்டாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். சரியாகிவிட்டது என்று உடனே கிளம்பிவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதுண்டு, அதனால்தான் கண்காணிப்பில் வைக்கிறோம்.

இன்னொன்று. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம், சாரைப்பருப்பும் அதே குடும்பம்தான். முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. பூரணத்தைத் தோண்டி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உடைந்த பேடாவின் பருப்புத் துகள் பாகிலும் கரண்டியிலும் கலந்திருக்கும். அதே கரண்டி பக்கத்து ஜாமூன் பாத்திரத்துக்கும் போகும்.

இதைப் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று அலர்ஜியே இல்லாத குழந்தைக்கும் பருப்புகளை நிறுத்திவிடாதீர்கள். அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலையைப் பழக்கியபோது, அந்த அலர்ஜி வருவது வெகுவாகக் குறைந்தது என்று லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் என்பதால் அரைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியில் அடைத்து லேபிளோடு வருவதில் பால், கோதுமை, பருப்பு வகைகளைக் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நிறுத்துக் கட்டிக் கொடுப்பதில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. அதனால் "நட்ஸ் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காமல், முந்திரி, பிஸ்தா, பாதாம், வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் மாஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லையா, அந்தக் குழந்தைக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். விடுதியில் தங்குகிறவர்கள் பக்கத்து அறைக்காரர்களிடமும் குழந்தையின் அலர்ஜியைப் பற்றி முதல் நாளே சொல்லிவையுங்கள்.