நாட்டுப்பற்று எங்கே நிற்கிறது, தேசியவாதம் எங்கே தொடங்குகிறது?

ஜூலை பிறந்தால் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் தாழ்வாரங்களில் கொடி ஏறிவிடும். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கம்பமோ இரவு விளக்கோ இல்லாமல் வீட்டுக்கு வெளியே கொடியைத் தொங்கவிடலாம். பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் பார்ப்பவருக்கு இடப்பக்க மேல்மூலையில் இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்துக் கிழிந்த கொடியை மறுவருடம் வரை அப்படியே விட்டுவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. இந்த விதிகளைக் கற்றுக்கொள்வது எளிது. அந்தக் கொடிக்குப் பின்னால் இருப்பது நாட்டுப்பற்றா தேசியவாதமா என்று பிரித்தறிவதுதான் கடினம்.

‘அளவுக்கு மீறிய நாட்டுப்பற்றே தேசியவாதம்’ என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதுகிறார்கள். பாதி மதிப்பெண்தான் கொடுக்க முடியும். நாட்டுப்பற்று, வாழும் மண்ணின்மீதும் அதன் சட்டத்தின்மீதும் அக்கம்பக்கத்தாரின்மீதும் உள்ள பிடிப்பு. தேசிய சேவையாக (இளைஞர்களின் கட்டாயச் சீருடைப் பணி), ஒழுங்காகக் கட்டும் வரியாக, தேவைப்படும்போது அரசிடம் சொல்லும் குறையாக அது வெளிப்படும். தேசியவாதம் ஓர் அரசியல் கொள்கை. இன்னார் ஒரு தேசம், அவர்களுக்கென்று ஓர் ஆட்சி வேண்டும், மற்ற எல்லா விசுவாசமும் அதற்குக் கீழேதான் என்பது அதன் வாதம். ஆகவே ஒருவருடைய உணர்ச்சி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அளக்க வேண்டாம். ‘நாம்’ என்பதில் யாரைச் சேர்க்கிறார், எதை வைத்துச் சேர்க்கிறார் என்று பாருங்கள்.

தேசியவாதம் கெட்ட வார்த்தை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. காலனி ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு அதுவே ஆயுதம். 1943 ஜூலை 5 அன்று சிங்கப்பூரின் பாடாங் திடலில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. அவர்களுடைய துணிவைக் குறைத்துப் பேசத் தேவையில்லை.

ஆனால் அந்தப் படையின் கூட்டாளி ஜப்பான். ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான், 1942 தொடக்கத்தில், ஜப்பானியர் இங்கிருந்த சீனர்களைப் பொறுக்கியெடுத்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அணிவகுப்பு நடந்த அதே 1943இல், மலாயாவிலிருந்து அவர்கள் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதையில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தேசத்தின் விடுதலை முழக்கம், பக்கத்து வீட்டுக்காரருடைய சாவைக் காதில் விழாமல் செய்துவிடும். பாடநூல்கள் இந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துவிடுவது ஒரு குறைதான்.

போருக்குப் பிறகு வேறொரு வழி திறந்தது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர்களைச் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். தமிழர் திருநாளை நடத்தியவரும், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பல்கலைக்கழகத் தமிழுக்கு நிதி திரட்டியவரும் அவரே. மொழிப்பற்றையும் புதிய நாட்டுப்பற்றையும் ஒரே ஆள் சுமக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த அமைச்சர் சி. ராஜரத்தினம் 1966இல் வரைந்த தேசியப் பற்றுறுதியும் (குடிமக்கள் எடுக்கும் உறுதிமொழி) அந்தப் பாதையில்தான் போகிறது: ‘நாம்’ என்பதைக் குடிமக்கள் என்று சொல்லி, இனம், மொழி, மதம் மூன்றையும் தகுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதுவும் ஒருவகைத் தேசியவாதமே. பிறப்பை விட்டுக் குடியுரிமையைப் பிடித்துக்கொண்ட தேசியவாதம்.

இன்று சறுக்கல் எங்கே என்றால், வாட்ஸ்அப் குழுக்களில். இந்தியாவுடன் 2005இல் கையெழுத்தான பொருளியல் ஒப்பந்தத்தின் சுருக்கப்பெயர் ‘சீக்கா’. அந்த ஒப்பந்தத்தைக் குறைகூறுவதும், வேலைவாய்ப்பு எண்களைக் கேட்பதும் நாட்டுப்பற்றுக்குள் அடங்கும். ஆனால் இணையத்தில் அந்தப் பெயர் இந்திய முகம் உள்ள யாரையும் ஏசும் சொல்லாகிவிட்டது. இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்த, இங்கேயே பிறந்த தமிழ்ப் பையனும் அந்த ஏச்சைக் கேட்கிறான். கொள்கையைப் பற்றிய பேச்சு முகத்தைப் பற்றிய பேச்சாக மாறும் இடம்தான் எல்லை. நம்மவர்கள் சிலர் அதே வேலையைப் பங்ளாதேஷ் ஊழியர்களிடம் காட்டுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள். அது எதிர்ப்பது ஒரு முடிவையா, ஒரு கூட்டத்தையா? இனப் பெயரை மாற்றிப்போட்டால் அனுப்பியவரே அதை ஏற்பாரா? சொந்த நாட்டின் குறையை ஒத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவை தோற்கும்.

இன்னொன்று, வெளிநாட்டு அரசியல். வேறொரு நாட்டின் கொடி, பதாகை போன்ற தேசியச் சின்னங்களை அனுமதியின்றிப் பொது இடத்தில் காட்டுவதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 500 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இஸ்ரேல்–ஹமாஸ் போர் மூண்டதும் 2023 நவம்பரில் உள்துறை அமைச்சு இதை நினைவூட்டியது. பிறந்த ஊரின் தேர்தலோ போரோ நம் மனத்தை உலுக்குவது இயல்பு. அதை வீட்டுக்குள் பேசலாம், அனுமதி பெற்ற அரங்கில் பேசலாம். புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் பதாகையாகக் கொண்டுவந்தால் சட்டம் குறுக்கே வரும்.