ஒருவர் லீவில் போனால் எந்த வேலை நிற்கிறது?

நிறுவனத்தின் செயல்பாட்டைச் சீர்செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளில்தான் தொடங்குகிறார்கள். வேலை எப்படி நடக்கிறது என்பதே தெளிவாக இல்லாதபோது மென்பொருள் வந்தால், அதே குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: யார் ஒரு வாரம் லீவில் போனால் எந்த வேலை நிற்கும்?

அப்படி நிற்கும் வேலைகளில் பணத்தைத் தொடுபவற்றை முதலில் எடுத்து, செய்முறையை எழுதுங்கள். அதைச் செய்பவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். மேலாளர் தன் அறையிலிருந்து எழுதினால் நடக்க வேண்டியதை எழுதுவார். நடப்பது வேறாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் யார் செய்கிறார், எது கைக்கு வந்ததும் தொடங்குகிறார், எதற்குள் முடிக்க வேண்டும், முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்ற நான்கும் இருக்கட்டும். பலரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். ‘பில்லைச் சரிபார்க்கவும்’ என்றால் ஆளுக்கொரு அர்த்தம். ‘கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போனால் கையெழுத்திடு, ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவைத்து, கொள்முதல் பிரிவுக்கு அன்றே தெரிவி’ என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை. எழுதியதை அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது.

அடுத்த சிக்கல், எல்லாக் கோப்பும் ஒரே மேஜைக்குப் போவது. ‘ஆள் முழுநேரமும் வேலையாகத்தான் இருக்கிறார்’ என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள்! காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைகள் முன்பின்னாக வந்து, ஒவ்வொன்றும் எடுக்கும் நேரமும் மாறும்போது, ஒருவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு கோப்பைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்தைப்போல் 4 மடங்கு அது காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. ஆளைத் துரத்துவதால் இது குறையாது. குறிப்பிட்ட தொகை வரை கீழ்நிலையிலேயே ஒப்புதல் தரலாம் என்று வரம்பு வைத்தால் வரிசை பாதியாகக்கூடக் கரையும்.

ஆனால் அதிகாரத்தைப் பிரிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். புது சப்ளையரைப் பதிவுசெய்வது, பில்லுக்கு ஒப்புதல் தருவது, பணம் அனுப்புவது மூன்றும் ஒரே கையில் இருந்தால் போலி சப்ளையருக்குப் பணம் போனாலும் வெளியே தெரியாது. ஆள் குறைவு, பிரிக்க முடியாது என்றால், உரிமையாளர் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் தானே நுழைந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். கணக்கர் எடுத்துத் தரும் பிரிண்ட் போதாது.

தரவு தொலையாமல் இருக்க 3-2-1 பேக்கப் முறை: மூன்று பிரதிகள், இரண்டு வகை சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். காலாண்டுக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். பேக்கப் ஓடிக்கொண்டே இருந்தும் கோப்பு திறக்காமல் போவது, பெரும்பாலும் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

செய்முறைத் தாள் ஒவ்வொன்றிலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கட்டும். ஓராண்டாகத் தேதி மாறவில்லையா? அந்த மேஜைக்குப் போய், வேலை இன்னமும் தாளில் உள்ளபடிதான் நடக்கிறதா என்று பாருங்கள்.