செஸ்டர்ஃபீல்டு கோபுரம் ஏன் முறுக்கிக்கொண்டது?

இங்கிலாந்தின் டெர்பிஷையர் பகுதியில் உள்ள செஸ்டர்ஃபீல்டு நகரை நெருங்கும்போதே அந்த ஊசிக்கோபுரம் கண்ணில் பட்டுவிடும். உயரம் 228 அடி. அடிப்பகுதி ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. மேலே போகப் போக ஏறத்தாழ 45 டிகிரி முறுக்கிக்கொண்டு தென்மேற்காகச் சாய்கிறது. உச்சி, அது இருக்க வேண்டிய இடத்தைவிட்டு 9 அடிக்கும் மேல், அதாவது சுமார் 2.9 மீட்டர் விலகி நிற்கிறது.

சாத்தான் உதைத்ததால் வந்த வளைவு என்பது ஊர்க்கதை. பக்கத்து ஊரான போல்சோவரில் ஒரு கொல்லன் சாத்தானுக்கு லாடம் அடித்தபோது ஆணி காலில் ஏறிவிட்டதாம். வலி பொறுக்காமல் பறந்த சாத்தான் போகிற போக்கில் கோபுரத்தை உதைத்துவிட்டானாம். நல்ல கதைதான். ஆனால் மரமும் காரீயமும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அதைவிடச் சுவையானது.

கோபுரத்தைத் தாங்குவது புனித மரியாள், சகல புனிதர்கள் ஆலயம். சிலுவை வடிவக் கட்டடம். இப்போது நாம் காண்பதில் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கால ஆங்கிலப் பங்கு ஆலயங்களில், அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்கான ஆலயங்களில், பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்குபவரின் கடமை. மக்கள் கூடும் நடுக்கூடம் பங்கு மக்களின் பொறுப்பு. ஆகவே ஓர் ஊர் செழித்தால் அதன் ஆலயமும் வளர்ந்தது. சந்தை நகரமான செஸ்டர்ஃபீல்டிலும் அதுவே நடந்தது. சிலுவையின் கைகள் சந்திக்கும் நடுவிடத்தில் கல்லால் சதுரக் கோபுரம் எழுப்பி, அதன் தலையில் 1362 வாக்கில் எட்டுப் பட்டை ஊசிக்கோபுரத்தை ஏற்றினார்கள். இது கல் அல்ல; முழுவதும் மரச்சட்டம், மேலே காரீயத் தகட்டுப் போர்வை.

முறுக்கலுக்குப் பலரும் சொல்லும் முதல் காரணம், தச்சர்கள் பச்சை மரத்தைப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. ஓக் மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் உலரும் சட்டம் வெடிக்கிறது, கோணுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுவதும் ஓக்கைப் பச்சையாகத்தான் இழைத்தார்கள். உலர்ந்த ஓக் உளிக்கு மசியாது.

பச்சை மரம் சுருங்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கழுந்தை, அதாவது ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கை, இன்னொன்றின் துளைக்குள் செருகி மர முளை அடிக்கும்போது அவர்கள் செய்த ஒரு வேலையே அதற்குச் சாட்சி. இரண்டு மரங்களிலும் உள்ள முளைத்துளைகளை நேருக்கு நேர் போடாமல் மயிரிழை விலக்கிப் போடுவார்கள். முளை உள்ளே போகப் போக அந்த விலகல் இணைப்பை இழுத்து இறுக்கும். பிறகு மரம் சுருங்கினாலும் பிடி தளராது. இந்தக் கைத்திறனைப் பார்த்த பிறகு, ‘பச்சை மரம்’ என்று சொல்லித் தச்சர்மீது பழிபோட்டு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான குறை மூலைக்கு மூலை போடும் குறுக்குச்சட்டங்களில் இருக்கிறது. நான்கு கட்டைகளைச் சதுரமாக ஆணியடித்து ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். சதுரம் சரிந்து சாய்சதுரமாகும். குறுக்கே ஒரு கட்டையை மூலைக்கு மூலை அடித்துவிட்டால் அசையாது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளாமல், குறுகாமல் அதன் வடிவம் மாறாது என்பதுதான் இதன் இரகசியம். செஸ்டர்ஃபீல்டு கோபுரத்தில் இப்படிப்பட்ட குறுக்குப்பிடிப்பு போதாது. எட்டுப் பட்டைகளும் ஒரே பக்கமாகச் சிறிது சரிந்தால் போதும். மொத்தக் கூடும் தன் அச்சைச் சுற்றித் திரும்பிவிடும்.

அந்தக் கூட்டின்மேல் 30 டன்னுக்கும் அதிகமான காரீயம் ஏறியது. மேற்கே பீக் மலைப்பகுதியில் காரீயச் சுரங்கங்கள் இருந்ததால் அது உள்ளூர்ச் சரக்கு. முதலில் இலேசான மரவில்லைகளே வேயப்பட்டிருந்தன, காரீயம் பிறகு வந்தது என்று ஒரு கருத்தும் உண்டு. அது சரியென்றால், தச்சர்கள் கணக்கிட்டிராத பாரம் பின்னால் அவர்கள் தலையில் கட்டப்பட்டது.

காரீயத்தின் குணமும் விசித்திரமானது. 2 மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். அதே நீள ஓக், நீளவாக்கில் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. காரீயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். உருகுநிலை இவ்வளவு தாழ்வாக இருப்பதால் சாதாரண வெப்பநிலையிலேயே அது தன் எடையால் மெல்ல மெல்லத் தொய்கிறது. பகலில் நீண்ட தகடு இரவில் முழுதும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அங்கே வெயில் தெற்கிலிருந்துதான் விழுகிறது. தெற்கும் தென்மேற்கும் சூடேறி, உலர்ந்து, தளர, வடக்குப் பக்கம் குளிர்ந்தே கிடக்கிறது. ஒரு முறை சாய்ந்துவிட்டால் எடையே மேலும் சாய்க்கும். முறுக்கலை நம் கண் இன்னும் பெரிதாகக் காண்பதற்கு, தகடுகளை மீன்முள் வரிசையில் சரிவாகப் பதித்திருப்பதும் ஒரு காரணம்.

1348-49இன் கொள்ளைநோயில் தேர்ந்த தச்சர்கள் இறந்துபோனதால்தான் இந்தக் கோளாறு என்பது பிரபலமான இன்னொரு விளக்கம். இருக்கலாம். ஆனால் ஷ்ரோப்ஷையரின் கிளியோபரி மார்ட்டிமர், டெவனின் பார்ன்ஸ்டபிள் ஆகிய ஊர்களிலும் மர ஊசிக்கோபுரங்கள் முறுக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. இதே அமைப்பு பல ஊர்களில் இதே விதமாக வளைவதைப் பார்த்தால், ஒரு தலைமுறைத் தச்சரின் குறையைவிட அமைப்பின் இயல்பையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

இவ்வளவு சாய்ந்தும் ஏன் விழவில்லை? உச்சியை மட்டும் பார்ப்பதால் எழும் கேள்வி இது. கூம்பு வடிவப் போர்வையின் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே இருக்கும். உச்சி 2.9 மீட்டர் நகர்ந்தாலும் அந்த மையம் நகர்வது ஒரு மீட்டருக்குள்தான். சாய்வு மேலே போகப் போகக் கூடுவதால் உண்மையில் அது இன்னும் குறைவு. எடை விழும் கோடு அடித்தளத்தைத் தாண்டவில்லை.

கோபுரத்துக்கு மிகப் பெரிய ஆபத்து 1961 டிசம்பர் 22 அன்று தீயாக வந்தது. ஆலயத்தின் வடக்குக் கை எரிந்தது. 1756ஆம் ஆண்டின் ஆர்கன் இசைக்கருவி அழிந்தது. ஊசிக்கோபுரத்தைத் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஓக் சட்டமும் காரீயப் போர்வையும் கொண்ட ஊசிக்கோபுரத்தில் தீ ஏறினால் என்ன ஆகும் என்பதை 2019இல் பாரிஸின் நோத்ர தாமில் உலகமே பார்த்தது.

செஸ்டர்ஃபீல்டுக்குப் போகிறவர்கள் வெளியே படம் எடுப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். வழிகாட்டியுடன் கோபுரத்தில் ஏற ஆலயமே ஏற்பாடு செய்கிறது. பாரம் தூக்க அக்காலக் கட்டடத் தொழிலாளர்கள் மனித வலுவால் சுழற்றிய பெரிய மரச்சக்கரமும் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.