கூட்டத்துக்குப் பேசாதே, பாப்பா

வாரத்துக்கு நாலைந்து பேராவது போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "என் குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் ஆகணும். எங்க ஆரம்பிக்கிறது?" சிலர் கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோவும் அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு சினிமா வசனம், பின்னணியில் வயலின். குரல் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான். தன் குரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள், பேசும்போது அதைத் தாங்களே ரசித்துக்கொண்டு பேசுவார்கள். கேட்கிறவருக்கு அங்கே வேலையில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. சீரியல் டப்பிங், விளம்பரம், ஒலிநூல், வங்கிக்குப் போன் செய்தால் "ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் அந்தப் பெண், எல்லாமே செய்திருக்கிறேன். ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டது கோடம்பாக்கத்தில் இல்லை.

அப்பா தேனிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். நாலு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஒயர். சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாளும் அவருக்குத் தூக்கம் கிடையாது. எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது ஒரு வருஷம், அறிவிப்புச் சொல்கிற சித்தப்பாவுக்கு நாலாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ஓடி வந்தார். ஐந்து வயதுப் பையனைக் காணோம். தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம், ஆற்றில் இறங்குகிறவர்கள் ஒரு பக்கம்.

மைக்கை நான் எடுத்தேன். எங்கே கற்றேனோ, "பெற்ற தாய் இங்கே கதறிக்கொண்டிருக்கிறாள்" என்று குரல் நடுங்க ஆரம்பித்தேன். அப்பா ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டார். திட்டவில்லை. "கூட்டத்துக்குப் பேசாதே, பாப்பா. அந்தப் பய கையைப் புடிச்சுக்கிட்டு, இது யாரு பிள்ளைன்னு தெரியாம ஒரு ஆளு முழிச்சுக்கிட்டு நிப்பான் பாரு, அவனுக்குப் பேசு" என்றார்.

அந்த ஆளுக்கு என்ன வேண்டும்? அம்மா அழுகிறாள் என்பது அவருக்கு உதவாது. நீல டவுசர், மேல்சட்டை இல்லை, நெற்றியில் மஞ்சள், ராட்டினத்துக்கு எதிரில் மைக் செட் பந்தல். அவ்வளவுதான். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். நூற்றைம்பது மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயிலிருந்து வருகிற சத்தம் அரை நொடி பிந்தி வந்து, நாம் அடுத்துச் சொல்வதன் மேலேயே விழும். மைக் செட்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேலி செய்கிறோமே, காரணம் இதுதான். அப்பா இன்னொன்றும் செய்வார். பையனின் அடையாளங்களில் ஒன்றை மட்டும் மைக்கில் சொல்ல விடமாட்டார். அன்று அது அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சின்னத் தாயத்து. பிள்ளையைக் கேட்டு வேறு யாராவது வந்து நின்றால் சோதிக்க ஒன்று வேண்டுமே.

கால் மணி நேரத்தில் ஒரு வளையல் வியாபாரி பையனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். "பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குறான். டவுசரை வச்சுத்தான் தூக்கியாந்தேன்" என்றார்.

இன்று பயிற்சி வகுப்புகளில் "எமோஷனல் கனெக்ட்" என்று ஒரு சொல் புரள்கிறது. கேட்கிறவரை அழ வைப்பதுதான் அது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆகாசவாணியில் காலை ஏழே கால் செய்தியை சரோஜ் நாராயண்சுவாமி வாசிப்பார். ஏற்ற இறக்கத்தில் ஒரு பொட்டு அதிகம் இருக்காது. ஆனாலும் அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் எல்லாரும் வாயை மூடிவிடுவோம். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது அதற்கு நேர் எதிர், தேனாக ஒழுகும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இருவருமே பத்து லட்சம் பேருக்குப் பேசியதாக எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்குத்தான் பேசினார்கள்.

சரி, டப்பிங்குக்கு வருவோம். சென்னை வந்த இரண்டாம் வருஷம், ஒரு சீரியலில் அம்மா வேஷத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து மகனுக்குப் போன் செய்கிறாள். ஒரே சொல், "சாப்டியா?" பைலட், அதாவது படப்பிடிப்பில் பதிவான பேச்சு, ஹெட்போனில் ஓடுகிறது, உதடு திரையில் தெரிகிறது, சேர்த்துப் பேச வேண்டும். பன்னிரண்டு டேக் போனது. பாசமாகச் சொன்னேன், அழுத்திச் சொன்னேன், தொண்டையை அடைத்துக்கொண்டு சொன்னேன். லிப் சரியாகச் சேருகிறது, ஆனாலும் ஓகே வரவில்லை. கடைசியில் சவுண்ட் இன்ஜினியர் அண்ணன், எங்களோடு பேசுவதற்கான டாக்பேக் மைக்கை அழுத்திக் கேட்டார்: "ஏம்மா, அவன் சாப்பிட்டானா இல்லையான்னு அந்த அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. கதையில் பையனுக்கு வேலை போய்விட்டது, அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் "ஹலோ" சொன்ன விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். தெரிந்தும் கேட்கிறாள். அடுத்த டேக் ஓகே. குரலில் நான் எதையும் கூட்டவில்லை, சொல்லப்போனால் குறைந்திருந்தது.

அன்றிலிருந்து வசனப் பேப்பர் கைக்கு வந்ததும் இரண்டு கேள்வியைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்வேன். யாரிடம்? பேசுகிறவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும் என்பது, மூச்சை எங்கே திருடுவது என்பது, பேப்பரைச் சத்தமில்லாமல் புரட்டுவது, எல்லாம் ஆறு மாதத்தில் கை வரும்.

இந்தத் தொழில் ஒரே அறை கொண்ட வீடு இல்லை. கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் தவறான அறைக்கதவைத் தட்டுகிறார்கள் என்பது என் அனுபவம். டப்பிங் என்றால் இன்னொருவரின் மூச்சுக்குள் புகுந்துகொள்வது, நம் குரலை நாமே மறைத்துக்கொள்வது. நடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வாசல். நடிகர் விக்ரமே பெயர் வாங்குவதற்கு முன்பு அஜித்துக்கும் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர்தான். எம். எஸ். பாஸ்கரும் டப்பிங்கிலிருந்து வந்தவர். ஒலிநூல் நேர்மாறு. இருநூறு பக்க நாவல் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும், அதைப் பதிவு செய்ய எனக்குப் பதினைந்து மணி நேரமாவது மைக் முன்னால் போகும். பொறுமை இல்லாதவர்கள் மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வார்கள். விளம்பரம் என்றால் முப்பது நொடி, அதில் பத்து நொடி விலையும் முகவரியும்.

என்னிடம் ஒரு பெண் வந்தாள். வங்கிக் கடன் தவணை கட்டாதவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டுகிற வேலை. அந்த வேலையே வேண்டாம், டப்பிங் வேண்டும் என்றாள். மூன்று மாதம் முயன்றோம், நடிப்பு வரவில்லை. வசனம் சொல்லச் சொன்னால் மேடையேறிய மாதிரி ஆகிவிடுவாள். ஒரு நாள் சும்மா, "தவணை கேட்டு எப்படிப் பேசுவே, பேசிக் காட்டு" என்றேன். "வணக்கம் சார், ஒரு நிமிஷம் பேசலாமா, வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிர்முனையில் போனை வைக்கத் துடிக்கிற ஒரு ஆள் இருக்கிறான் என்பது அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது. அவன் மானம் போகாமல் பேசக் கற்றிருந்தாள். அவளை மருத்துவமனை அறிவிப்பு, சுகாதார விழிப்புணர்வு ஒலிப்பதிவு, பாடங்கள் என்ற பக்கம் திருப்பிவிட்டேன். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு என்ன சாப்பிடக் கூடாது என்பதை அவள் சொன்னால் நோயாளி பயப்படாமல் கேட்கிறார். இப்போது மாதத்தில் பாதி நாள் அவளைப் பிடிக்க முடிவதில்லை.

ஆகவே "எங்கே ஆரம்பிப்பது" என்று கேட்பவர்களிடம், இதுவரை யாரிடம் பேசிப் பேசிப் பழகியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். டியூஷன் எடுத்தவருக்கும், பேருந்து நிலையத்தில் டிக்கெட் கூவியவருக்கும், படுத்த படுக்கையான மாமியாருக்கு நாளிதழ் வாசித்துக் காட்டியவருக்கும் காது வேறு வேறு விதமாகப் பழகியிருக்கும். பழகிப் பார்க்கக் காசில்லாத இடங்களும் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கிய சமுதாய வானொலிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் அப்படி நிலையங்கள் வந்துவிட்டன. அவற்றில் வெளியாட்களையும் பேச வைக்கிறார்கள். ஆகாசவாணி நிலையங்களும் அவ்வப்போது தற்காலிக அறிவிப்பாளர்களுக்குக் குரல் தேர்வு வைக்கின்றன.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். வாய்ஸ் டெஸ்டுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். "சாம்பிள்" என்ற பெயரில் முழு ஸ்கிரிப்டையும் பேசி அனுப்பச் சொன்னால், அது சாம்பிள் இல்லை, இலவச வேலை. முப்பது நொடி போதும் என்று சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய பள்ளம் இப்போது ஒப்பந்தத்தில் இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பாடங்கள் பேசிக் கொடுத்தேன். மீதி இருபது பாடங்களுக்குக் கூப்பிடவே இல்லை. ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. பேசுவது நான்தான். ஆனால் அந்தப் பாடத்தை நான் பேசவே இல்லை. என் குரலைக் கொண்டு ஒரு இயந்திரத்தைப் பழக்கிப் பேச வைத்திருக்கிறார்கள். "வெப்பம்" என்ற சொல்லை மட்டும் அந்த இயந்திரம் "வெபம்" என்றது. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தால், "இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும் பயன்படுத்தும் உரிமை" என்று ஒரு வரி. படிக்காமல் போட்டது என் தவறு.

2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதியில்லாமல் செயற்கை நுண்ணறிவில் போலி செய்வதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே வருஷத் தொடக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஒரு பாட்டில் மீட்டெடுத்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அறிவித்தார். கேட்டுச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. நீதிமன்றம் வரை போக நமக்கு வசதியில்லை என்பதால் தாளிலேயே எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. எந்த வேலைக்கு, எத்தனை வருஷத்துக்கு, எந்த ஊடகத்தில், குரலைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கக் கூடாது. இந்த நாலும் தமிழில் எழுதியிருந்தால்கூடப் போதும். வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டால், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

கடைசியாகத் தொண்டை. கரகரப்பு மூன்று நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். புகைபிடிப்பவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள், மூச்சு விடச் சிரமப்படுபவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவே கூடாது. தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசலாம் என்று நினைக்கிறோமே, அதுவும் பலருக்குக் குரல்நாணை வருத்தும்.

எனக்கு ஒரு தடவை சளியோடு போய் சண்டைக் காட்சிக்கு ரியாக்ஷன், அதாவது அலறலும் முனகலும், கொடுத்ததில், பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் பட்டென்று அறுந்தது. குரல்நாணில் ரத்தக்கசிவு. வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். போட்டிருந்தேன், ஆஸ்பிரின் வகை. ரத்தம் கசிவதற்கு அதுவும் துணை போகுமாம். ஒரு வாரம் ஒரு சொல் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது, இருமல் வந்தால் தண்ணீர் குடியுங்கள் என்றார். வீட்டில் சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பால்காரர் முதல் நாளே பரிதாபப்பட்டு அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார் டாக்டர். மணி மூன்றரை இருக்கும், வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே, "ம், ஆறிடுச்சு. மெதுவா ஏதாவது பேசுங்க பார்ப்போம்" என்றார். ஒரு வாரம் கழித்துப் பேசப்போகிறோம், என்ன பேசுவது என்று தெரியவில்லை. மேஜை ஓரத்தில் அவருடைய டிபன் கேரியர் திறக்காமல் இருந்தது.

"சாப்டீங்களா, டாக்டர்?" என்றேன்.