மடிந்து விழும் நிறமாலை

வினாடி முள் ஓடும் கடிகாரத்தை 55 வினாடிக்கு ஒரு முறை படம் எடுத்து, வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் முள் 5 வினாடி பின்னால் போயிருக்கும். கடிகாரத்தில் பழுதில்லை, நாம் பார்த்த இடைவெளிதான் அதிகம். அகச்சிவப்பு ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியும் இப்படி ஏமாறக்கூடும்.

அதன் ஒரு வகையான ஃபூரியர் உருமாற்ற நிறமாலைமானியில் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அசையாத ஆடியிலும் மறுபாதி நகரும் ஆடியிலும் பட்டுத் திரும்பிச் சேர்கிறது. ஆடி நகர நகர ஒளி கூடும், குறையும். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித் தாளம். உணரிக்குக் கிடைப்பது எல்லாத் தாளங்களும் கலந்த ஒரே குறிப்பலை. அதை ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்கால் பிரித்தெடுப்பது கணினியின் வேலை.

அந்தக் குறிப்பலையிலிருந்து எத்தனை புள்ளிகள் (அளவீடுகள்) எடுப்பது? மிக வேகமான தாளத்தின் ஓர் அலைவுக்கு இரண்டுக்கு மேல் வேண்டும். பொறியாளர் நைக்விஸ்ட் 1928-இல் அடிகோலி, கணிதவியலாளர் ஷானன் 1949-இல் தெளிவாக நிறுவிய விதி இது.

புள்ளி எடுக்கும் நொடியைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. இந்தக் கருவியில் நான் மிகவும் வியக்கும் இடம் இதுதான். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர் ஒன்றும் அதே ஆடிகள் வழியே போகிறது. அதன் அலைவு சுழியை (பூச்சியத்தை) கடக்கும் இடங்களில்தான் புள்ளி பதிவாகும். ஆடியின் வேகம் சற்றுத் தடுமாறினாலும் அளவுகோல் பிசகாது.

லேசரின் ஓர் அலைவுக்கு ஒரு புள்ளி எடுத்தால், சரியாக அளக்கக்கூடிய எல்லை சென்டிமீட்டருக்குச் சுமார் 7,900 அலைகள். இரண்டு எடுத்தால் 15,800. வழக்கமான நடு அகச்சிவப்பு வேலை 4,000-க்குள் முடிவதால் முதல் எல்லையே தாராளம். (நெருங்கி நிற்கும் முகடுகளைப் பிரித்துப் பார்க்க அடர்த்தியாகப் புள்ளி எடுத்துப் பயனில்லை; ஆடி அதிக தூரம் நகர வேண்டும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

7,900 எல்லையில் அளக்கும்போது 9,000-இல் இருக்கும் ஒளி உள்ளே புகுந்தால்? காணாமல் போகாது. காகிதம் மடிவதுபோல் எல்லையில் மடிந்து, 6,800-இல் முகடாக நிற்கும். பதிவான எண்களில் அதற்கும் உண்மையான 6,800-க்கும் துளி வேறுபாடு இருக்காது. எந்தக் கணக்காலும் அந்தப் பதிவிலிருந்து பிரிக்க முடியாது. அதனால்தான் எண்ணாக மாறுவதற்கு முன்பே, ஒளிப்பாதையிலும் மின்சுற்றிலும் வடிகட்டி வைக்கிறார்கள்.

ஒரு முகட்டின் மேல் சந்தேகம் வந்தால், புள்ளிகளை இரு மடங்காக்கி மறுபடி அளந்து பாருங்கள். உண்மையான முகடு அசையாது. மடிந்து வந்தது 6,800-ஐ விட்டு 9,000-க்குப் போய்விடும்.