நிற்கும்போது நடுங்கும் கார்: பாகத்தை மாற்றும் முன்

நிலாவெளியில் வசிக்கும் ஆசிரியர் ஒருவர், அண்மையில் வாங்கிய பழைய டொயோட்டா ஆக்சியோவை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். நான்கு பிளக்குகள், பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு கொயில், அதன்பின் பெற்றோல் பம்பு என ஏற்கெனவே மூன்று தடவை செலவழித்திருந்தார். "தம்பி, நிண்டா நடுங்குது, மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுத்தான் இழுக்குது" என்றார். பொனெட்டைத் திறக்கும் முன், அது எந்தெந்த நேரத்தில் நடுங்குகிறது என்று விசாரித்தேன். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை, சந்தியில் நிறுத்தினால்தான் தொல்லை என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது.

பிளக்கோ கொயிலோ பலவீனமானால், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும் ஏற்றத்திலும் முந்திச் செல்லும்போதும்தான் கோளாறு முதலில் தெரியும். பம்பு தளர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ, கந்தளாய் வீதியில் வேகமெடுக்கையில் இழுவை குறையும். ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது மட்டும் நடுங்கி, சற்று மிதித்ததும் எஞ்சின் சீராகிறதென்றால், கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். ஐட்லிங்கில், காற்றை உள்ளே விடும் கதவான திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே செல்லும் காற்று மிகக் குறைவு. உறிஞ்சும் வலுவோ அதிகம். ஆகவே சிறு வெடிப்பு வழியாக வரும் காற்றும் பெரிய பங்காகிவிடுகிறது.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்த்தேன். ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்த எஞ்சின், நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஏறக்குறைய இயல்பு நிலைக்குத் திரும்பியது. பிறகு தேட வேண்டியிருந்தது ஓட்டையை மட்டுமே. வால்வு மூடியிலிருந்து காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம், எஞ்சினுக்குள் சேரும் வாயுவைக் கொண்டுபோகும் பிசிவி ரப்பர் குழாய், மேலிருந்து பார்த்தால் புதிதுபோலத்தான் இருந்தது. அதன் வளைவுக்கு அடியில் விரலை விட்டபோது நகம் ஒரு வெடிப்பில் சிக்கியது. அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தியதும் நடுக்கம் நின்றது; விட்டதும் திரும்ப வந்தது. ஆசிரியரையும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது என்பதால், நம் வீதிகளில் ஓடுபவற்றில் முதுமையடைந்த ரப்பர் ஏராளம். திருகோணமலையில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது: கொயில் இணைப்பைக் கழற்றினால் ஊசிகளில் பச்சைப் பூச்சு படிந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். கொயிலை வாங்கும் முன் அதைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது. ஸ்கேனரின் கோளாறுக் குறியீடு இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெற்றோல் சரியாக எரியாமை) என்று காட்டினால், அந்தக் கொயிலை மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் கொயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், இறுதியாகக் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று சோதிக்க வேண்டும்.

திராட்டில் பொடியில் கரி படிந்தாலும் இதே நடுக்கம் வரும். அதைத் துடைத்தபின் காரின் கணினிக்கு ஐட்லிங்கை மீளக் கற்கவைக்காமல் அனுப்பிவிட்டு, வாகனம் முன்னைவிட மோசம் என்று திரும்பி வந்தால் வியப்பதற்கில்லை. எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி அசையாமல் காரின் உடல் மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே சற்று அதிரும். அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

செக் எஞ்சின் விளக்கு மினுங்கினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிடிக் கொன்வேர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும், அதன் விலை குழாயின் விலையல்ல.

பழைய கார் வாங்கப் போகிறவர் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். பொனெட் கைக்குச் சூடாகத் தெரிந்தால், விற்பவர் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஏசியைப் போட்டும் போடாமலும் சில நிமிடங்கள் நிறுத்திவைத்துக் கேளுங்கள். ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லாமல், காரின் கணினி செய்யும் சுயசோதனைகள் மட்டும் முடிவடையாமல் இருந்தால், பேட்டரியைக் கழற்றினீர்களா, குறியீட்டை அழித்தீர்களா என்று விற்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.