கப்பல் ஏறும் முன் கரையில் விட்டுப் போக வேண்டிய தாள்

போன வருஷம் ஒரு சாயங்காலம் மும்பை மாட்டுங்காவில் என் கிளினிக்குக்கு ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 68. ஹூஸ்டனில் இருக்கும் மகன் க்ரூஸ் டிக்கெட் எடுத்திருக்கிறான். பிளோரிடாவில் கப்பல் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றி, பிரேசிலில் அமேசான் ஆற்றுக்குள் நுழைந்து மனாவுஸில் இறங்க வேண்டும். மகன் அங்கிருந்து ஹூஸ்டன் திரும்பிவிடுவான், இவர்கள் சாவோ பாலோ வழியாக நேரே மும்பை.

"டாக்டர், ஏதோ மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கணுமாம். எனக்குப் பத்து வயசிலேயே அது வந்து போயாச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சே சரியாப் போச்சு. ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுத்துடுங்கோ" என்றார் மாமா.

இது அவர் ஒருவர் மட்டும் செய்யும் குழப்பம் இல்லை. அவருக்கு வந்தது மஞ்சள் காமாலை. மஞ்சள் காய்ச்சல் வேறு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசு வழியே பரவும் வைரஸ் அது. இந்தியாவில் அந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் நம் சொசைட்டிக்கு வந்து பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்களே, அதில் முட்டையிடும் கொசு. வைரஸை உடம்பில் சுமந்து ஒருவர் வந்து இறங்கினால் மிச்ச வேலையைப் பார்க்க ஆள் தயாராக இருக்கிறது. அதனால்தான் நம் அரசு இந்த விஷயத்தில் அவ்வளவு கறார்.

நான் பார்த்த வரையில் பயணிகள் தவறவிடுவது இதைத்தான். எல்லோரும் போகிற நாடு என்ன கேட்கும் என்றுதான் பார்க்கிறார்கள். போகிற நாடு ஒன்றும் கேட்காமல் போகலாம், திரும்பி வருகிற வீடு கேட்கும். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்தால் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். கைக்குழந்தைக்கு மட்டும்தான் விலக்கு. கப்பலுக்கென்று தனி விதியும் இருக்கிறது: இந்தியா வருவதற்கு முந்தைய 30 நாட்களில் அப்படிப்பட்ட துறைமுகத்தைத் தொட்ட கப்பலில் முறைப்படி கொசுமருந்து அடித்திருக்காவிட்டால், அதில் வரும் பயணிக்கும் இதே சட்டம்தான்.

சரி, ஊசி போட்டுவிடலாம் என்றால், மாமா தினமும் என்னென்ன சாப்பிடுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். மாமி கைப்பையிலிருந்து ஏழு அறை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லா அறையிலும் நான்கு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை அறையில் மட்டும் ஐந்து. அட்டையிலிருந்து பிரித்துப் போட்டவை, ஒன்றிலும் பெயர் இல்லை. "அது மூட்டு வலிக்கு, வாரத்துக்கு ஒண்ணு" என்றார் மாமி. மெத்தோட்ரெக்ஸேட். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்துகிற மருந்து. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்க்கக் கூடாது. போதாக்குறைக்கு, 60 வயதுக்கு மேல் முதல் தடவை போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், கடுமையான பக்கவிளைவுகள் மற்றவர்களைவிட அதிகம்.

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊசி போடாமலே முத்திரை மட்டும் குத்தித் தர ஆள் இருக்காராமே" என்றார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்த ஆள் குத்துவது தாளில். கொசு கடிப்பது தோலில். ஊசி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முறைப்படி மருத்துவ விலக்குக் கடிதம் உண்டு. ஆனால் அதை வைத்திருந்தாலும் தனிமையில் வைக்க அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. அதைவிட, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அமேசான் காட்டோரம் போக அவரை அனுப்ப எனக்கு மனசில்லை. மகனை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். கட்டிய பணத்தில் ஒரு பகுதி போனதில் அவனுக்கு வருத்தம். கடைசியில் அலாஸ்கா என்று முடிவாயிற்று.

ஊசி போட்டுக்கொள்ள முடிகிறவர்களுக்கும் நாள் கணக்கு முக்கியம். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துவிட்டுப் பின்னாலிருந்து நாள் எண்ணுவோமே, அது மாதிரி. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். எல்லா டாக்டரும் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். நினைத்த நேரத்தில் போய் நிற்கவும் முடியாது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். அதனால் ஆள் சேர்த்துத்தான் குப்பியைத் திறப்பார்கள். முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போக வேண்டும். தட்டம்மை, சின்னம்மை போல வேறு உயிருள்ள தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால் வந்தால்தான் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். முக்கால்வாசிப் பேர் வருவது ஆறு நாள் முன்னால்.

சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது, கையெழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பத்து வருடம்தான் செல்லும் என்று அச்சடித்த பழைய அட்டை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

மும்பையில் ஏறி கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று போய்வரும் கப்பலுக்கு இந்த அட்டை தேவையில்லை. 2021, 2022இல் பல கப்பல்களில் கேட்ட கொரோனாச் சான்றிதழையும் இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பதில்லை. ஆனால் கேட்கவில்லை என்பதும் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே லிஃப்ட், ஆயிரக்கணக்கான ஆட்கள். 60 தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஃப்ளூ ஊசியை இரண்டு வாரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். நிமோனியா ஊசியும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். கப்பலில் பேர் போன வாந்திபேதி, நோரோவைரஸ், அதற்கு ஊசியே கிடையாது. கையில் தடவும் சானிடைசருக்கும் அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. நம் ஊரில் சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவச் சொல்லித் தர வேண்டியதில்லை. பஃபே வரிசையில் ஊர் மொத்தமும் தொட்ட கரண்டியைப் பிடித்த பிறகு இன்னொரு தடவை எழுந்து போய்க் கழுவத்தான் சோம்பல்.

இந்த வாந்திபேதிதான் என்னைத் தொலைபேசி விஷயத்துக்குள் இழுத்துவிட்டது. டாக்டருக்கும் கப்பல் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

செம்பூரில் இருக்கும் என் நோயாளி ஒருவர் வார்ஃபரின் சாப்பிடுகிறவர். ரத்தம் உறையாமல் இருக்க, இதய வால்வு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை. மனைவியோடு மத்தியதரைக்கடல் க்ரூஸ் போனார். மூன்றாம் நாள் வாந்தியும் பேதியும். அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று கப்பல் டாக்டர் சொல்லிவிட்டார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு, மனைவிக்குச் சொல்லத் தெரிந்தது "ரத்தம் இளக்குற மாத்திரை" என்பது மட்டும்தான். சாப்பாடு இறங்காமல் பேதியும் போகும்போது வார்ஃபரின் அளவு எகிறி ரத்தக்கசிவு வரலாம். அந்தப் பெயர் டாக்டருக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

முலுண்டில் இருக்கும் மகளைக் கூப்பிட அம்மா முயன்றிருக்கிறார். அவர் வாங்கியிருந்தது விலை குறைந்த இணையப் பேக்கேஜ். எழுத்துச் செய்தி போகும், வாட்ஸாப் அழைப்பு போகாது. அழைப்பு போகவில்லை என்றதும் நெட் இல்லை என்று நினைத்துவிட்டார். வரவேற்பில் சொல்லிப் பெரிய பேக்கேஜுக்கு மாறப் பார்த்தார். கார்டில் பணம் கட்ட ஓடிபி வர வேண்டும். அது வருவது ஏரோப்ளேன் மோடில் கிடக்கும் இந்திய சிம்முக்கு. இங்கே மகளுக்கோ இரண்டு நாளாக 'ஸ்விட்ச்டு ஆஃப்'. ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். மருந்துச்சீட்டு என்னிடம் இருந்தது. எந்தக் கப்பல், எந்த அறை என்பதுதான் அவளிடம் இல்லை. முன்பதிவு மின்னஞ்சல் அப்பாவின் போனில், அப்பா கடலில். டிராவல் ஏஜெண்டைப் பிடித்து, கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணைப் பிடித்து, மருந்தின் பெயர் கப்பல் டாக்டரிடம் போய்ச் சேர இன்னும் அரை நாள் ஆயிற்று. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

நானும் ஒன்றும் சூரப்புலி இல்லை. சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் க்ரூஸ் போனபோது ரோமிங் பேக் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் போனை அப்படியே விட்டுவிட்டேன். கரையின் சிக்னல் மறைந்ததும் கப்பலின் சொந்த செல் நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்துக்கொண்டது. அது செயற்கைக்கோள் வழியாகப் போவது. சாதாரண ரோமிங் பேக்கில் அது சேர்த்தியில்லை. ராத்திரி நான் தூங்க, போன் என் புகைப்படங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. வீடு திரும்பியதும் வந்த பில் பதினோராயிரம். கப்பல் நகரும் முன்னரே ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் திறக்க வேண்டும் என்பது அன்றைக்குப் படித்த பாடம்.

கப்பல் இணையம் முன்பு போல் அவ்வளவு மோசமில்லை. பழைய செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நாம் ஹலோ சொன்னால் அது போய்த் திரும்பும் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசிவிடுவோம். 2022க்குப் பிறகு பல கப்பல்களில் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது, பேச்சு கோர்வையாக வருகிறது. ஆனாலும் எந்தப் பேக்கேஜில் அழைப்பு உண்டு, எதில் இல்லை என்று ஏறும் முன்பே கேட்டு, பணத்தையும் கரையிலேயே கட்டிவிடுங்கள். துபாயில் கப்பல் நிற்கும்போது கரையில் இறங்கி வாட்ஸாப்பில் கூப்பிட்டால் போகாது, அங்கே அந்த அழைப்புக்குத் தடை. ஒருவர் இதெல்லாம் எதற்கு என்று வெளிநாட்டு நண்பரின் சாட்டிலைட் போனை இரவல் வாங்கி வந்திருந்தார். துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

செம்பூர்க்காரர் விஷயத்துக்கு அப்புறம், ஊசிக்கு வருகிறவர்களிடம் நானே ஒரு தாள் எழுதி வாங்குகிறேன். கப்பல் பெயர், அறை எண், முன்பதிவு எண், நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி, எந்தெந்த நாளில் எந்தத் துறைமுகம், இன்ஷூரன்ஸ் எண். கீழே மாத்திரைகளின் பெயர். கடையில் விற்கும் பிராண்ட் பெயர் வெளிநாட்டு டாக்டருக்குப் புரியாது, மருந்தின் பொதுப் பெயரை நானே எழுதிக் கொடுப்பேன். பின்பக்கம் தடுப்பூசி அட்டையின் நகல். ஒரு பிரதி பாஸ்போர்ட்டோடு. இன்னொன்று கரையில் இருப்பவரிடம். அவரிடம் ஒரு கணக்கும் சொல்லி வைக்கச் சொல்வேன்: ஒரு நாள் செய்தி இல்லையென்றால் பதறாதே, இரண்டாம் நாளும் இல்லையென்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு. மாமி அலாஸ்கா போகும்போது இதை மருமகளின் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் மகளிடம் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அவ தொலைச்சுடுவா" என்றார்.

உல்லாசப் பயணம் போகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் கப்பல்களில் வேலை செய்யும் பையன்களும் என்னிடம் வருவார்கள். தாராவி 90 அடி சாலையிலிருந்து ஒருவன் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தான், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவனுக்குச் சின்னம்மை வந்ததில்லை, ஊசியும் போட்டதில்லை. நம்மைப் போன்ற வெப்ப நாட்டு ஆட்களுக்கு அம்மை வளர்ந்த பிறகும் வரும். நான்கு பேர் அடைந்து படுக்கும் ஊழியர் அறையில் ஒருவனுக்கு வந்தால் போதும். இரண்டு டோஸ், இடையில் நான்கு வாரம் என்றேன். அவன் அம்மாவுக்கு அம்மைக்கு ஊசி என்பதே உவப்பாக இல்லை. "அது ஆத்தா பார்த்து வாரதுல்லா" என்றார். ஆத்தா கப்பலுக்கு வந்தால் அங்கே வேப்பிலைக்கு எங்கே போவான் என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: பையன் எப்படிப் பேசுவான்?

2020 பிப்ரவரியில் கொரோனாவால் ஜப்பானின் யோகோஹாமாவில் 3,711 பேரோடு டைமண்ட் பிரின்சஸ் கப்பல் முடங்கிக் கிடந்தபோது, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் ஊழியர்கள்தான். அவர்களில் சிலர் போனில் எடுத்து அனுப்பிய வீடியோக்கள் வழியாகத்தான் இங்கே இருந்தவர்களுக்கு அவர்கள் முகம் தெரிந்தது. கப்பல் ஊழியர்கள் வீட்டோடு பேச, முடிந்த வரையில் இணைய வசதி கொடுக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இப்போது எழுதிவிட்டார்கள். அந்தத் திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அந்த அம்மா போன மாதம் பிரஷர் பார்க்க வந்திருந்தார். பையன் ஷிப்ட் முடிந்து நம் நேரம் விடியற்காலை மூன்று மணிக்குக் குரல் செய்தி அனுப்புகிறானாம். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே கேட்பாராம். தாள் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"மாரியம்மன் படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன் டாக்டரம்மா. கப்பல் பேருதான் வாயில நுழைய மாட்டேங்கு. ரூம் நம்பர் மனப்பாடம்."